இணைப்புக்குப் பிந்தைய அறிவு மேலாண்மை

இணைப்புக்குப் பிந்தைய அறிவு மேலாண்மை என்பது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒன்றாக இணைந்த பின்னர், அவற்றிடம் தனித்தனியே இருந்த ஆவணங்கள், நடைமுறைகள், பணியாளர்களின் பட்டறிவு ஆகியவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, அனைவரும் பயன்படுத்தக்கூடிய பொது அமைப்பு ஒன்றை உருவாக்கும் செயற்பாடு ஆகும். நிறுவன இணைப்பின்போது சொத்துக்கள், கடன்கள், பங்குகள் ஆகியவை சட்டப்படி ஒரே நாளில் கைமாறிவிடுகின்றன. அறிவு அவ்வாறு கைமாறுவதில்லை. அதன் ஒரு பகுதி கோப்புகளிலும், மறுபகுதி மனிதர்களிடத்திலும் உள்ளது. இரண்டாவது பகுதி ஓய்வு பெறுவோருடனும் விலகிச் செல்வோருடனும் சேர்ந்து நிறுவனத்தை விட்டுச் சென்றுவிடக் கூடியது.

தமிழ்நாட்டில் இத்துறையை விளங்கிக் கொள்வதற்குப் பொருத்தமான அண்மைக்கால நிகழ்வு, 2020 ஏப்ரல் 1 ஆம் நாள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அலகாபாத் வங்கி இணைக்கப்பட்டமை ஆகும்.

அறிவின் வகைகள்

அறிவு மேலாண்மைத் துறையில் தரவு, தகவல், அறிவு என்பன வேறுபடுத்திப் பார்க்கப்படுகின்றன. ஒரு கணக்கில் 40,000 ரூபாய் நிலுவை உள்ளது என்பது தரவு. அது மூன்று மாதங்களாகச் செலுத்தப்படாத கடன் தவணை என்பது தகவல். அக்கடன் பெற்றவரின் தொழிலுக்கு எந்த மாதங்களில் பணம் வரும், எப்போது கேட்டால் கடன் திரும்பும் என்பது அறிவு.

அறிவையும் இரண்டாகப் பிரிப்பர். எழுத்திலோ படத்திலோ பதிவு செய்யக்கூடியது வெளிப்படை அறிவு. செய்து பழகியவரிடம் இருப்பதும், சொற்களில் முழுமையாகச் சொல்ல இயலாததுமானது உள்ளுறை அறிவு. உள்ளுறை அறிவு என்னும் கருத்தை அங்கேரியில் பிறந்த அறிஞர் மைக்கேல் பொலானி வளர்த்தெடுத்தார். இது பற்றிய அவரது நூல் 1966 இல் வெளியானது. யப்பானிய அறிஞர்களான இகுஜிரோ நோனாகா, இரோத்தாக்கா தாக்கேயுச்சி ஆகியோர் 1995 இல் வெளியிட்ட நூலில், இவ்விரு வகை அறிவும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறும் நான்கு வழிகளை விளக்கினர். அவை: உடன் பழகிக் கற்றல், எழுத்தில் வெளிப்படுத்தல், எழுதியவற்றை ஒன்று சேர்த்தல், படித்ததைச் செய்து தன்னுடையதாக்கல்.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவு இவ்வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் சேலைகளில் இரண்டையும் பூட்டி நெய்யும் கோர்வை முறையில், மூன்று நாடாக்கள் பயன்படுகின்றன. நெசவாளரும் உதவியாளரும் ஒத்திசைந்து நெய்தால் மட்டுமே பூட்டு பிசகாமல் அமையும். இது உடன் அமர்ந்து பழகிக் கற்பது. சேலையின் பூவேலைக்கு முற்காலத்தில் 'அடை' எனப்படும் நூற்கட்டு அமைப்புப் பயன்பட்டது. அதில் உரிய இழைகளை உரிய நேரத்தில் தூக்குவதற்கு உதவியாளர் ஒருவர் வேண்டும். பின்னர் ஜக்கார்டு பெட்டி வந்தபோது, பூவேலை துளையிட்ட அட்டைகளில் பதிவாயிற்று. ஓர் அட்டைத் தொகுதியை வேறொரு தறிக்கு எடுத்துச் செல்ல முடியும். ஆனால் கோர்வை பூட்டும் கையை எடுத்துச் செல்ல முடியாது. நிறுவன இணைப்பிலும் அட்டையில் ஏறியது எளிதில் இடம்பெயர்கிறது. கையில் இருப்பதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது.

இணைப்பின்போது எழும் சிக்கல்கள்

இணையும் இரு நிறுவனங்களிலும் ஒரே வேலைக்கு இரண்டு நடைமுறைகள், இரண்டு படிவங்கள், இரண்டு பெயர்கள் இருப்பது இயல்பு. ஒரே சொல் இரு இடங்களில் இரு பொருளைக் குறிப்பதும் உண்டு. இவ்வேறுபாடுகள் களையப்படாவிட்டால், ஒரே கேள்விக்கு இரு கிளைகளில் இரு விடைகள் கிடைக்கும்.

இதைவிடக் கடினமானது மனிதர் சார்ந்த சிக்கல் ஆகும். இணைப்பு அறிவிக்கப்பட்டவுடன் பணியாளர்களிடம் இடமாற்றம், பதவி உயர்வு, பணிப் பாதுகாப்பு பற்றிய அச்சம் தோன்றுகின்றது. தான் அறிந்தது தனக்கு மட்டுமே தெரியும் என்பது அந்நிலையில் ஒருவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகின்றது. எனவே அறிவைப் பகிருமாறு நிறுவனம் கேட்கும் காலமும், பகிர்வதற்குப் பணியாளர் தயங்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. பெரிய நிறுவனத்தின் நடைமுறையே சரியானது எனக் கொண்டு சிறிய நிறுவனத்தினதைப் படித்துப் பாராமலே கைவிடுவதும் பரவலாகக் காணப்படும் தவறு ஆகும்.

சட்ட வரம்புகளும் உள்ளன. இணைப்பு நடைமுறைக்கு வரும் நாள் வரை இரு நிறுவனங்களும் தனித்தனி நிறுவனங்களே. போட்டியாளர்களான இரு நிறுவனங்கள் விலை, வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றை அதற்கு முன் பகிர்ந்துகொள்வது போட்டிச் சட்டங்களுக்கு முரணாகலாம். ஆகவே, இணைப்பு நாளுக்கு முன் நடைமுறைகளையும் சொற்களையும் ஒப்பிடுதல், பின் வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்தல் என்ற வரிசை கடைப்பிடிக்கப்படுகின்றது.

இந்தியன் வங்கி - அலகாபாத் வங்கி இணைப்பு

பின்னணி

அலகாபாத் வங்கி 1865 இல் அலகாபாத் நகரில் நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் 1923 இல் கொல்கத்தாவுக்கு மாறியது. இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 ஆம் நாள் சென்னையில் தொடங்கப்பட்டது. 1906 இல் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய வணிக நிறுவனம் முறிந்து, சென்னை மாகாணத்து மக்கள் பலர் சேமிப்பை இழந்ததே அதன் தோற்றத்துக்குக் காரணமாயிற்று. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் இம்முயற்சியில் முன்னின்றார். 1969 இல் நாட்டுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளுள் இவ்விரண்டும் அடங்கும்.

2019 ஆகஸ்ட் 30 அன்று நடுவண் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 10 பொதுத்துறை வங்கிகள் 4 வங்கிகளாக இணைக்கப்படும் என அறிவித்தார். அதன்படி பஞ்சாப் தேசிய வங்கியுடன் ஓரியண்டல் வணிக வங்கியும் யுனைட்டெட் வங்கியும், கனரா வங்கியுடன் சிண்டிகேட் வங்கியும், யூனியன் வங்கியுடன் ஆந்திரா வங்கியும் கார்ப்பரேசன் வங்கியும், இந்தியன் வங்கியுடன் அலகாபாத் வங்கியும் இணைந்தன. அலகாபாத் வங்கியின் 1,000 பங்குகளுக்கு இந்தியன் வங்கியின் 115 பங்குகள் என்பது பங்கு மாற்று வீதம். இவ்விரு வங்கிகளின் கூட்டு வணிகம் அறிவிப்பின்போது 8.08 இலட்சம் கோடி ரூபாய் எனக் கூறப்பட்டது.

இணையும் வங்கிகளைத் தெரிவு செய்தபோது அரசு எடுத்துக்காட்டிய காரணங்களுள் ஒன்று, அவை ஒரே வகை மைய வங்கி மென்பொருளைப் பயன்படுத்துகின்றன என்பதாகும். இந்தியன் வங்கி, அலகாபாத் வங்கி ஆகிய இரண்டும் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் 'பான்க்ஸ்' மென்பொருளைப் பயன்படுத்தி வந்தன.

நடைபெற்ற முறை

இணைப்பு நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரல் 1, கொரோனா பெருந்தொற்றின் காரணமாக நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்த காலம் ஆகும். இரு வங்கிப் பணியாளர்களும் நேரில் சந்தித்துப் பழக வேண்டிய காலத்தில் பயணம் இயலாதிருந்தது. உடன் பழகிக் கற்றல் என்னும் வழி அடைபட்ட நிலையில், சுற்றறிக்கை, தொலைபேசி, காணொளிக் கூட்டம் ஆகியவற்றையே நம்ப வேண்டியிருந்தது. அப்போது வங்கியின் மேலாண்மை இயக்குநராக பத்மஜா சுந்துரு இருந்தார்.

சட்டப்படி ஒரே வங்கியாகிய பின்னரும், ஏறத்தாழ பத்தரை மாதங்கள் இரு கணினி அமைப்புகள் தனித்தனியே இயங்கின. 2021 பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு வார இறுதியில் சேவைகள் நிறுத்தப்பட்டு, அலகாபாத் வங்கியின் கணக்குகள் இந்தியன் வங்கியின் அமைப்புக்கு மாற்றப்பட்டன. ஐஎஃப்எஸ்சி எனப்படும் 11 எழுத்துக் கிளைக் குறியீட்டின் முதல் நான்கு எழுத்துக்கள் வங்கியைக் குறிப்பவை என்பதால், அலகாபாத் வங்கிக் கிளைகள் அனைத்தின் குறியீடுகளும் மாறின. பழைய காசோலைகள் 2021 அக்டோபர் 1 முதல் செல்லாதனவாயின. இணைந்த வங்கியின் பெயர் இந்தியன் வங்கி என்றே நீடித்தது. எனினும் அதன் சின்னத்தில் அலகாபாத் என்னும் பெயரும் சேர்க்கப்பட்டது.

மென்பொருளும் அறிவும்

ஒரே மென்பொருள் என்பதால் இணைப்பு எளிது என்பது பாதி உண்மையே. ஒரே வகை மென்பொருளில் இரு வங்கிகள் தத்தம் கடன் திட்டங்களையும், வட்டி விதிகளையும், கட்டணங்களையும், குறியீடுகளையும் வெவ்வேறாக அமைத்திருக்க முடியும். அக்குறியீடுகளை ஒன்றுக்கொன்று பொருத்துவதற்கு, அவை ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டன என்று அறிந்தவர் தேவை. கணக்கு எண்ணும் நிலுவையும் இடம்பெயர்ந்தாலும், அக்கடன் எந்தச் சூழலில் வழங்கப்பட்டது என்பது கிளை அலுவலரின் நினைவிலேயே இருக்கக்கூடும்.

பிழை நேர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் வாடிக்கையாளர் ஆவார். கிளைக் குறியீடு மாறியதை அறியாத ஓய்வூதியர், பழைய காசோலையைக் கொடுத்த சிறு வணிகர், வேறொரு திட்டத்தின் கீழ் வகைப்படுத்தப்பட்ட கடன்காரர் ஆகியோர் முதலில் கேள்வி கேட்கும் இடம் கிளையின் முகப்பு ஆகும். அங்கு இருப்பவர் பழைய நடைமுறை, புதிய நடைமுறை இரண்டையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க முடிவதே பொது அறிவு அமைப்பின் முதற் பயன் ஆகும்.

காஞ்சிபுரமும் வாரணாசியும்

இணைந்த வங்கிக்குக் கிடைக்கக்கூடிய ஆதாயத்தையும் அதே இணைப்பு காட்டுகின்றது. இந்தியன் வங்கியின் கிளைகள் தமிழ்நாட்டிலும் ஏனைய தென் மாநிலங்களிலும் செறிந்திருந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கியும் அதுவே. அலகாபாத் வங்கியின் கிளைகள் உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், பீகார் முதலிய மாநிலங்களில் செறிந்திருந்தன. இதனால் இந்தியாவின் புகழ்பெற்ற இரு பட்டு நெசவு மையங்களான காஞ்சிபுரம், வாரணாசி ஆகிய இரண்டிலும் வேர்கொண்ட கடன் வழங்கும் பட்டறிவு ஒரே நிறுவனத்துக்குள் வந்தது. இவ்விரு ஊர்ப் பட்டுக்களும் புவிசார் குறியீடு பெற்றவை.

காஞ்சிபுரம் மாவட்டத்து முசரவாக்கம் போன்ற ஓர் ஊரிலிருந்து தறிக்குக் கடன் கேட்டு ஒருவர் வருவதாகக் கொள்ளலாம். பட்டுச் சேலை விற்பனை முகூர்த்த மாதங்களைச் சார்ந்தது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் நடைபெறுவதில்லை. கச்சாப் பட்டு பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை பெருமளவு சூரத்திலிருந்தும் வருவதால், அவற்றின் விலையேற்றம் நெசவாளரின் கைம்முதலை விரைவில் கரைத்துவிடும். இவற்றை அறிந்த அலுவலர் தவணை நாட்களை அதற்கேற்ப அமைப்பார். வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த அலுவலருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு தவணை விதிக்கப்பட்டால், நல்ல நெசவாளரும் தவணை தவறியவர் ஆகிவிடுவார்.

இதனைத் தலைமையகச் சுற்றறிக்கையில் சேர்ப்பது பொருந்தாது. ஒரு மாவட்டத்துக்கு மட்டுமே உரிய குறிப்பு அது. ஆனால் கிளை அலுவலர்கள் தாமே எழுதி, பிறர் திருத்தி, ஊர், தொழில், பருவம் என்ற தலைப்புக்களின் கீழ் தேடக்கூடிய பொதுக் குறிப்பேடு ஒன்றில் அது எளிதில் இடம்பெறும். வாரணாசிக் கிளையில் ஒருவர் எழுதிய குறிப்பு காஞ்சிபுரத்திலும், காஞ்சிபுரத்தில் எழுதியது வாரணாசியிலும் படிக்கப்படும் நிலை உருவாகும்போதே, இணைப்பு அறிவளவிலும் நிறைவடைகின்றது எனலாம்.

தமிழ்நாட்டின் பிற வங்கி இணைப்புக்கள்

1901 இல் நிறுவப்பட்ட தஞ்சாவூர் வங்கி 1990 இல் இந்தியன் வங்கியுடன் இணைக்கப்பட்டது. தமிழ்நாடு வங்கி அதே ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியுடன் இணைந்தது. அக்காலத்தில் கிளைகளின் பதிவுகள் பெரும்பாலும் பேரேடுகளிலேயே இருந்தன. பேரேடும் அதை எழுதியவரும் ஒரே கிளையில் தொடர்ந்து இருந்ததால், ஊர் சார்ந்த அறிவு உடனடியாக மறையவில்லை.

தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அதியமான் கிராம வங்கியும் கடலூரின் வள்ளலார் கிராம வங்கியும் 2006 இல் இணைந்து பல்லவன் கிராம வங்கி ஆயின. இந்தியன் வங்கி இதன் புரவலர் வங்கியாக இருந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைப் புரவலராகக் கொண்டு விருதுநகரிலிருந்து இயங்கிய பாண்டியன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியுடன் இணைந்தது. இவ்வாறு சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி உருவானது. வெவ்வேறு புரவலர் வங்கிகளின் கீழ் வளர்ந்த இரு வங்கிகள் இவை என்பது குறிப்பிடத்தக்கது.

பிற நாட்டு, பிற துறை எடுத்துக்காட்டுக்கள்

அமெரிக்காவின் கிறைஸ்லர் தானுந்து நிறுவனம், தன் பொறியியலாளர்களை உறுப்புக்கள் வாரியான பிரிவுகளிலிருந்து வண்டி வகை வாரியான குழுக்களுக்கு மாற்றியது. அதன்பின் ஒரு குழுவில் திருத்தப்பட்ட பிழை மற்றொரு குழுவில் மீண்டும் நேர்ந்தது. தடுப்புக் கருவி வல்லுநர்கள் ஒருவரையொருவர் சந்திக்காததே காரணம். இதனால் வல்லுநர்கள் தாமாகவே தொழில்நுட்பக் கழகங்களை அமைத்துக்கொண்டனர். அக்கழகங்கள் கற்ற பாடங்களைப் பதிவு செய்ய 'பொறியியல் அறிவு நூல்கள்' என்னும் கணினித் தொகுப்பு உருவானது. கிறைஸ்லர் 1998 இல் செருமனியின் டைம்லர்-பென்சுடன் இணைந்தபோது, இத்தொகுப்பு புதிய நிறுவனத்தின் அறிவு மேலாண்மைக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. எனினும் இரு நிறுவனங்களின் பண்பாடுகள் ஒன்றவில்லை. 2007 இல் கிறைஸ்லர் விற்கப்பட்டது. நல்ல அமைப்பு மட்டும் இணைப்பைக் காப்பாற்றாது என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

பிரித்தானியாவின் பிபி எண்ணெய் நிறுவனம் 1998 இல் அமோக்கோவுடன் இணைந்து, 2000 இல் ஆர்க்கோவை வாங்கியது. அந்நிறுவனத்தில் பணியாளர்கள் தங்கள் திறன்களைத் தாமே எழுதும் உள்ளகப் பெயரேடு ஒன்று இருந்தது. அனைத்தையும் எழுதி வைப்பதற்கு மாறாக, யாரிடம் கேட்கலாம் என்பதைக் காட்டுவதே அதன் நோக்கம். ஒரு பணியைத் தொடங்குமுன், அதைச் செய்து முடித்த பிற குழுவினரை அழைத்துக் கலந்து பேசும் 'சக உதவி' முறையும் அங்கு வளர்ந்தது.

இணைப்புடன் தொடர்பற்றதாயினும், இன்போசிஸ் நிறுவனத்தின் பட்டறிவும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றது. 2000 களின் தொடக்கத்தில் அந்நிறுவனம், அறிவுத் தளத்துக்குக் கட்டுரை எழுதுவோருக்கும் மதிப்பிடுவோருக்கும் புள்ளிகள் வழங்கியது. கட்டுரைகளின் எண்ணிக்கை விரைந்து பெருகியது. புள்ளிக்காக எழுதப்பட்டவையும் பெருகியதால், தரமானதைத் தேடி எடுப்பது கடினமாயிற்று. அதன்பின் புள்ளி முறை திருத்தப்பட்டது.

பொது அமைப்பை உருவாக்கும் படிகள்

1. அறிவுக் கணக்கெடுப்பு: இரு நிறுவனங்களிலும் உள்ள கையேடுகள், சுற்றறிக்கைகள், தரவுத்தளங்கள் ஆகியவற்றுடன், எந்த வேலைக்கு யாரை நம்பியுள்ளனர் என்பதையும் பட்டியலிடுதல். விரைவில் ஓய்வு பெறுவோர் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.
2. சொற்பட்டியல்: ஒரே பொருளைக் குறிக்கும் இரு பெயர்களையும் இணைத்துப் பதிதல். பழைய பெயரில் தேடுபவருக்கும் விடை கிடைக்க வேண்டும்.
3. தெரிவு: ஒவ்வொரு நடைமுறையையும் ஒப்பிட்டு, ஒன்றை ஏற்றல், இரண்டையும் கலத்தல், அல்லது கைவிடுதல். முடிவுடன் அதற்கான காரணமும் பதியப்பட வேண்டும்.
4. காப்பகம்: கைவிடப்பட்டவற்றை அழிக்காமல், செல்லாதவை என்ற குறிப்புடன் பேணுதல். பழைய கடன், பழைய ஒப்பந்தம் ஆகியவற்றின் வழக்குகளில் பழைய விதியே தேவைப்படும்.
5. பொறுப்பு: ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளரையும் மீள்பார்வை நாளையும் குறித்தல்.
6. அணுக்க உரிமை: நடைமுறை அறிவை அனைவருக்கும் திறந்து வைத்து, வாடிக்கையாளர் தரவைத் தேவையுள்ளோருக்கு மட்டும் தருதல். இந்தியாவில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கான சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது.
7. உடன் பணியாற்றல்: இரு தரப்புப் பணியாளர்களையும் ஒரே குழுவில் அமர்த்துதல். உள்ளுறை அறிவு கைமாறுவதற்கு இதற்கு நிகரான வழி இல்லை.

1995 இல் வார்டு கன்னிங்காம் உருவாக்கிய விக்கி மென்பொருள் வகை, யாரும் திருத்தக்கூடியதும் பழைய வடிவங்களைக் காப்பதுமாக இருப்பதால், இத்தகைய அமைப்புக்களுக்குப் பரவலாகப் பயன்படுகின்றது. அறிவு மேலாண்மை அமைப்புக்களுக்கான அனைத்துலகச் சீர்தரமான ஐஎஸ்ஓ 30401, 2018 இல் வெளியானது. அது எந்த மென்பொருளையும் பரிந்துரைப்பதில்லை. தலைமை, பண்பாடு, மீள்பார்வை ஆகியவற்றையே வலியுறுத்துகின்றது.

மொழியும் எழுத்துருவும்

பல மொழி பேசும் பகுதிகளில் இயங்கும் நிறுவனங்களுக்கு மொழி தனிச் சிக்கல் ஆகும். தமிழ் ஆவணங்கள் பல ஆண்டுகளாக டாம், டாப், திஸ்கி முதலிய வெவ்வேறு குறியேற்றங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. இந்தி ஆவணங்கள் கிருதிதேவ் போன்ற எழுத்துருக்களில் உருவாயின. இவை அச்சில் சரியாகத் தோன்றினாலும், ஒருங்குறித் தேடலில் அகப்படுவதில்லை. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றது. பழைய கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றாமல் பொது அமைப்பில் சேர்த்தால், அவை இருந்தும் இல்லாதவையே.

திறனாய்வு

அறிவு மேலாண்மை அமைப்புக்கள் பல, தொடக்கத்தில் ஆர்வத்துடன் நிரப்பப்பட்டுப் பின்னர் கைவிடப்படுகின்றன. காலாவதியான ஒரு பக்கத்தால் ஏமாந்தவர் மறுமுறை அத்தளத்தைத் திறப்பதில்லை. பக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியை அளப்பதும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். கேள்விக்கு விடை கிடைக்க ஆகும் நேரம், ஒரே பிழை மீண்டும் நேரும் அளவு ஆகியவை பொருத்தமான அளவைகள் ஆகும்.

பணியாளரின் அறிவைப் பதிந்துகொண்ட பின் அவரை விலக்குவதற்கே இவ்வமைப்பு உதவுகின்றது என்ற கருத்தும் உண்டு. இவ்வச்சம் உள்ள இடத்தில் எழுதப்படுவது பயனற்ற பொதுக் கூற்றுக்களாகவே அமையும். எனவே பணிப் பாதுகாப்புப் பற்றிய தெளிவான உறுதிமொழி அளிப்பதும், எழுதியவரின் பெயரைப் பக்கத்தில் குறிப்பதும், இணைக்கப்பட்ட சிறிய நிறுவனத்தின் நடைமுறைகளுள் சிறந்தவற்றை வெளிப்படையாக ஏற்பதும் தொழில்நுட்பத் தெரிவை விட முதன்மையானவையாகக் கருதப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- அறிவு மேலாண்மை
- இந்தியன் வங்கி
- அலகாபாத் வங்கி
- தமிழ்நாடு கிராம வங்கி
- காஞ்சிபுரம் பட்டு
- விக்கி
- ஒருங்குறி